மளிகைக் கணக்கில் ஒரு நோய்

எபிடெமியாலஜி என்ற சொல்லுக்குத் தமிழில் கொள்ளைநோயியல் என்ற பெயர் வழங்குகிறது. நோய்ப்பரவலியல் என்று எழுதுவோரும் உண்டு. இரண்டு பெயர்களிலும் ஒரு குறை இருப்பதாக எனக்குத் தோன்றுவதுண்டு. கொள்ளையாக வராத நோயும், ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவாத நோயும் இத்துறையின் ஆளுகைக்குள் வருபவையே. மூலச்சொல்லின் கிரேக்கப் பொருள் 'மக்கள்மீது' என்பதுதான். மக்கள்மீது வந்து கவிவது எதுவாயினும் அது யார்மீது கவிகிறது, யாரை விட்டுவிடுகிறது, ஏன் என்று கேட்பதே இத்துறையின் பணி. 2020க்குப் பிறகு தொலைக்காட்சி பார்க்கும் எவருக்கும் இத்தகைய நிபுணர்களின் முகங்கள் பழகிவிட்டன. வரைபடங்களையும் வளைகோடுகளையும் முன்வைத்துப் பேசும் அம்மனிதர்களைப் பார்க்கையில் இது ஏதோ கணினியோடு பிறந்த தொழில் என்ற எண்ணம் ஏற்படக்கூடும். இத்தொழிலுக்குப் பட்டமோ பாடத்திட்டமோ இல்லாத காலத்தில் அதை வாழ்நாள் பணியாகக் கொண்ட ஒருவரையும், அவரோடு இணைந்து மருத்துவமே படிக்காமல் இத்துறையின் முன்னோடியாகிவிட்ட இன்னொருவரையும் பற்றிச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலாமவர் ஜோசப் கோல்ட்பெர்கர். ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் ஒரு மலையோரச் சிற்றூரில் 1874ல் யூதக் குடும்பமொன்றில் பிறந்தவர். 1883ல் குடும்பம் கப்பலேறி நியூயார்க்கின் கீழைப் பகுதிக்கு வந்து சேர்ந்தது. ஐரோப்பாவின் ஏழை யூதர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதி அது. தந்தை அங்கே ஒரு சிறு மளிகைக்கடை நடத்தினார். பையன் பொறியாளனாவதற்காகக் கல்லூரியில் சேர்ந்தான். நண்பனொருவன் அழைத்தான் என்று பெல்வியூ மருத்துவக் கல்லூரியில் ஒரு விரிவுரையைக் கேட்கச் சென்றவன், பொறியியலைக் கைவிட்டு அங்கேயே சேர்ந்துவிட்டான். 1895ல் மருத்துவரானார். பென்சில்வேனியாவின் நிலக்கரி நகரமொன்றில் தனியாக மருத்துவமனை வைத்துப் பார்த்தார். சலிப்புத்தான் மிஞ்சியது. 1899ல் அரசின் கடல்வழி மருத்துவச் சேவையில் கடைநிலை மருத்துவராகச் சேர்ந்தார். நியூயார்க் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் குடியேறிகளின் கண்ணிமைகளை மடித்துப் பார்த்தும் நெஞ்சைத் தட்டிப் பார்த்தும் உள்ளே விடலாமா கூடாதா என்று முடிவு செய்யும் வேலை. பதினாறு ஆண்டுகளுக்குமுன் சிறுவனாக வந்திறங்கிய தேசத்தின் வாசலில் அவரே இப்போது காவலராக நின்றார்.

அதன்பின் வந்த பதினைந்து ஆண்டுகளை ஒரு பயணக்குறிப்பாகவே எழுதிவிடலாம். அரசு அவரை மஞ்சள் காய்ச்சலுக்கும், டெங்குவுக்கும், டைஃபஸுக்கும் அனுப்பியது. மெக்சிகோ, போர்ட்டோ ரிக்கோ, டெக்சாஸ் என்று அலைந்தார். அந்த மூன்று நோய்களும் அவரையும் தாக்கின. டைஃபஸ் ஆய்வுக்காக அவர் மெக்சிகோ நகரில் இருந்த அதே காலத்தில், 1910ல், அந்நோயை ஆராய்ந்துகொண்டிருந்த ஹோவர்ட் ரிக்கெட்ஸ் அதற்கே பலியானார். ரிக்கெட்சியா என்ற நுண்ணுயிர்க் குடும்பம் இன்று அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. கோல்ட்பெர்கர் பிழைத்துக்கொண்டார். 1909ல் ஃபிலடெல்ஃபியாவில் மாலுமிகளிடையே ஒரு விசித்திரமான தோலரிப்பு பரவியபோது, சந்தேகத்துக்குரிய வைக்கோல் மெத்தைகளுக்கிடையே தம் கையை நுழைத்து வைத்திருந்து, தடிப்பு வந்ததும் மெத்தையைச் சலித்து உள்ளிருந்த சிற்றுண்ணியைப் பிடித்துக் காட்டினார். நோயாளிகள் அனைவருக்கும் பொதுவாக இருப்பது என்ன என்று கேட்பதும், விடை கிடைத்தால் அதைத் தம் உடலிலேயே சோதித்துவிடுவதும் அவர் வழக்கமாகவே ஆகியிருந்தன.

1914 பிப்ரவரியில் டெட்ராய்ட்டில் தொண்டை அடைப்பான் ஆய்விலிருந்த அவரைத் தலைமை மருத்துவ அதிகாரி ரூபர்ட் புளூ பெல்லாக்ரா பணிக்கு மாற்றினார்.

பெல்லாக்ராவை இன்று பெரும்பாலான மருத்துவ மாணவர்கள் பாடநூற்படத்தில் மட்டுமே காண்கிறார்கள். வெயில்படும் இடங்களில், புறங்கைகளிலும் பாதங்களிலும் கழுத்திலும், தோல் இருபுறமும் ஒரேபோலச் சிவந்து, கறுத்து, உரியும். வயிற்றுப்போக்கு வரும். பிறகு சித்தம் கலங்கும். இறுதியில் மரணம். ஸ்பெயினின் அஸ்தூரியாசில் காஸ்பர் காசால் என்ற மருத்துவர் 1735ல் ஏழை விவசாயிகளிடம் இதைக் கண்டு எழுதிவைத்தார். கழுத்தைச் சுற்றி விழும் அந்தத் தழும்பு இன்றும் காசாலின் கழுத்தணி என்றே அழைக்கப்படுகிறது. ஒரு நோய்க்கு இத்தனை அழகான, இத்தனை கொடிய பெயர் அமைவது அபூர்வம். முரட்டுத்தோல் என்று பொருள்படும் பெல்லாக்ரா என்ற பெயர் வட இத்தாலியில் வழங்கியது. மக்காச்சோளத்தை மட்டுமே தின்று வாழ்ந்தவர்களிடம் அது வருகிறது என்பதை எல்லோரும் கவனித்திருந்தார்கள். குற்றவாளிகளின் மண்டையோட்டை அளந்து புகழ்பெற்ற லொம்ப்ரோசோ, கெட்டுப்போன சோளத்திலுள்ள நஞ்சே காரணம் என்று பல்லாண்டுகள் வாதாடினார்.

சோளத்தின் பூர்விகமான மெக்சிகோவில் இந்நோய் இல்லை என்பது இதிலுள்ள புதிர். அங்குள்ள பெண்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து ஊறவைத்த பிறகே அரைக்கிறார்கள். அதில் பிணைந்து கிடக்கும் சத்து அப்போதுதான் உடலுக்குக் கிட்டும் நிலைக்கு வருகிறது. கொலம்பஸுக்குப் பின்வந்தவர்கள் விதையைக் கப்பலில் ஏற்றினார்கள். அந்தப் பெண்களின் சமையல் குறிப்பைக் கரையிலேயே விட்டுவிட்டார்கள்.

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நோய் வெடித்துக் கிளம்பியது. 1906ல் அலபாமாவில் கறுப்பினத்தவருக்கான மனநலக் காப்பகமொன்றில் 88 பேர் பாதிக்கப்பட்டு அவர்களில் 57 பேர் இறந்தனர். அதன்பின் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் சாவுகள். 1940 வரையிலான காலத்தில் முப்பது லட்சம் பேர் பாதிக்கப்பட்டு ஒரு லட்சம் பேர் இறந்திருக்கலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. மக்கள் அஞ்சினார்கள். சில மருத்துவமனைகள் இந்நோயாளிகளைச் சேர்க்க மறுத்தன. கிருமிகளின் பொற்காலம் அது. காசநோய்க்கும் காலராவுக்கும் மலேரியாவுக்கும் கிருமி கண்டுபிடிக்கப்பட்டிருக்க, இதற்கும் ஒன்று கண்டுபிடிக்கப்பட வேண்டியதுதான் பாக்கி என்று அனைவரும் நம்பினர். தென் கரோலினாவின் ஸ்பார்ட்டன்பர்கில் 1912 முதல் ஆய்வு நடத்திய தாம்சன்-மெக்ஃபேடன் குழு அதையே சொன்னது. அக்குழுவுக்குப் பணம் கொடுத்த இருவரில் ஒருவர் பருத்தி வணிகர்.

கோல்ட்பெர்கர் தெற்கே புறப்பட்டார். நுண்ணோக்கியை எடுத்துச் செல்லவில்லை என்றே சொல்லலாம். காப்பகங்களையும் அனாதை இல்லங்களையும் சிறைகளையும் சுற்றி வந்தார். அவர் கண்ணில் முதலில் பட்டது ஒரு இன்மை. காப்பகத்து நோயாளிகளுக்கு பெல்லாக்ரா வருகிறது. அவர்களைக் குளிப்பாட்டி, உடைமாற்றி, அவர்களுடனேயே பகலும் இரவும் கிடக்கும் தாதியருக்கும் பணியாளருக்கும் வருவதில்லை. தொற்றுநோய் பதவி பார்த்தா தொற்றும்? மிஸிஸிப்பி மாநிலத்தின் ஜாக்சன் நகரிலிருந்த ஓர் அனாதை இல்லத்தில் இன்னும் நுட்பமான ஒன்று தெரிந்தது. ஆறு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு நோய் குறைவு. பன்னிரண்டுக்கு மேற்பட்ட சிறுவர்களுக்கும் குறைவு. இடைப்பட்டவர்களே கொத்துக்கொத்தாகப் பாதிக்கப்பட்டிருந்தனர். ஒரே கூரை, ஒரே கிணறு, ஒரே கழிப்பிடம். வேறுபாடு தட்டில் இருந்தது. சின்னஞ்சிறுவர்களுக்குப் பால் ஊற்றினார்கள். வேலை செய்யும் பெரிய பையன்களுக்கு இறைச்சி கிடைத்தது. இடைநிலைப் பிள்ளைகளுக்குச் சோளமாவும், கரும்புப்பாகும், சோளக்கூழும்.

பணியேற்ற நான்கு மாதங்களில், 1914 ஜூனில், சில பக்கங்களே கொண்ட கட்டுரையொன்றில் இதை வெளியிட்டார். இந்நோய் தொற்றல்ல, உணவின் குறை என்பதே அதன் சாரம். நோய்ப்பரவலியலை ஒரு தொழிலாக எண்ணுபவர் முதலில் படிக்கவேண்டிய கட்டுரை எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். அதில் ஒரு சோதனைக்கூட முடிவுகூட இல்லை. யாருக்கு வரவில்லை என்று கவனித்த கண்கள் மட்டுமே இருக்கின்றன.

அடுத்து நிரூபணம். ஜாக்சனின் இரண்டு அனாதை இல்லங்களிலும், ஜார்ஜியா மாநிலத்து மில்லெட்ஜ்வில் மனநலக் காப்பகத்தின் இரண்டு பகுதிகளிலும் அரசுப் பணத்தில் பால், முட்டை, பயறு, இறைச்சி ஆகியவற்றைச் சேர்த்தார். சோளத்தைக் குறைத்தார். ஓராண்டில் இல்லங்களிலிருந்து நோய் ஏறக்குறைய மறைந்தே போனது. காப்பகத்தில் உணவு மாற்றப்பட்டவர்களிடம் நோய் திரும்பவில்லை. பழைய உணவையே உண்ட ஒப்பீட்டுக் குழுவில் ஏறத்தாழ பாதிப்பேருக்குத் திரும்பியது. ஆய்வுக்கான நிதி நின்றதும் சமையலறைகள் பழைய சோளமாவுக்கே திரும்பின, நோயும் திரும்பியது. இதைவிடத் தெளிவான சான்றை எவரும் திட்டமிட்டுப் பெற்றிருக்க முடியாது.

இருந்தும் எதிர்ப்பு ஓயவில்லை. நோயை உணவால் நீக்க முடியும் என்றால் உணவால் உண்டாக்கவும் முடியவேண்டும் என்ற தர்க்கத்தில் அவர் 1915ல் இறங்கிய காரியம் இன்று எந்த ஒழுக்கநெறிக் குழுவின் முன்னும் ஒரு நிமிடம்கூட நிற்காது. மிஸிஸிப்பியின் ராங்கின் சிறைப்பண்ணையில் பன்னிரண்டு வெள்ளையினக் கைதிகள் தாமாக முன்வந்தனர். ஈடாக ஆளுநர் ஏர்ல் புரூவர் விடுதலைப் பத்திரம் வாக்களித்திருந்தார். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை அவர்களுக்கு ஏழைத் தெற்கத்தியனின் உணவு அளிக்கப்பட்டது: மாவுரொட்டி, சோளரொட்டி, சோளக்கூழ், அரிசி, சர்க்கரைவள்ளிக்கிழங்கு, பாகு, சர்க்கரை போட்ட காப்பி. வயிறு நிறையத்தான் கொடுத்தார்கள். முதலில் கைதிகள் இதைப் பெரிய அதிர்ஷ்டமாகவே எண்ணியிருந்தார்கள். மாதங்கள் செல்லச்செல்ல உடல்வலியும் தலைசுற்றலும் வயிற்று உபாதையுமாகச் சோர்ந்தனர். செப்டம்பரில் தோலில் அடையாளம் தெரியத் தொடங்கியது. இறுதிவரை இருந்த பதினொருவரில் அறுவருக்கு பெல்லாக்ரா என்று உறுதியாயிற்று. அதே பண்ணையில் வழக்கமான உணவை உண்ட பிற கைதிகளில் ஒருவருக்கும் வரவில்லை.

விடுதலை என்பதை நாக்கில் தடவிக்காட்டிப் பெற்ற சம்மதத்தை சம்மதம் என்று சொல்வதா? இல்லை என்பதே என் எண்ணம். கோல்ட்பெர்கரைப் போற்றி எழுதுபவர்கள் பலரும் இந்த இடத்தை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். அவருடைய முடிவு சரியானது என்பதால் அவர் நடந்த பாதையும் சரியாகிவிடாது. ஆனால் பிறர் உடலை மட்டும் பணயம் வைத்தவர் என்று அவரைச் சொல்லவும் முடியாது.

எதிராளிகள் அடுத்துச் சொன்னது, நோய்க்கிருமி அந்தப் பண்ணையில் எப்படியோ புகுந்திருக்கலாம் என்பது. 1916 ஏப்ரலில் ஸ்பார்ட்டன்பர்கில் கோல்ட்பெர்கரும் அவருடைய உதவியாளர் ஜார்ஜ் வீலரும் பெல்லாக்ரா நோயாளியின் இரத்தத்தைத் தங்களுக்குள் செலுத்திக்கொண்டனர். நோயாளிகளின் மூக்குச்சளியைத் தங்கள் மூக்கிலும் தொண்டையிலும் தடவிக்கொண்டனர். தோல்செதில், சிறுநீர், மலம் ஆகியவற்றை மாவில் உருட்டி விழுங்கினர். ஜூன் வரை வெவ்வேறு இடங்களில் நடந்த இந்தச் சோதனைகளில் மொத்தம் பதினாறு பேர் பங்கேற்றனர். கூட்டத்துக்கு அவர்களே 'அசுத்த விருந்து' என்று பெயரிட்டுக்கொண்டார்களாம். பதினாறு பேரில் ஒரே ஒரு பெண், கோல்ட்பெர்கரின் மனைவி மேரி. உருண்டையை விழுங்க அவரை ஆண்கள் அனுமதிக்கவில்லை. இரத்தத்தை ஊசிமூலம் ஏற்றிக்கொண்டார். அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தென்கூட்டமைப்பின் தலைவர் ஜெஃபர்சன் டேவிஸின் உறவினர் வழியில் வந்தவர் மேரி. நியூயார்க்கின் யூத மளிகைக்காரர் மகனை அவர் 1906ல் மணந்தபோது இரு குடும்பங்களிலும் எழுந்த சலசலப்பை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம். பதினாறு பேரில் எவருக்கும் பெல்லாக்ரா வரவில்லை.

இதுவரை சொன்னது வீரக்கதை. மருத்துவ வரலாற்று நூல்கள் விரும்பிச் சொல்வதும் இதைத்தான். எனக்கு இதைவிட முக்கியமாகப்படுவது அதே 1916ல் ஆரவாரமின்றித் தொடங்கிய வேறொரு பணி. இங்கேதான் நம் இரண்டாமவர் வருகிறார்.

எட்கர் சைடன்ஸ்ட்ரிக்கர் 1881ல் ஷாங்காயில் பிறந்தவர். சீனாவில் மதப்பணியாற்றிய அமெரிக்கத் தம்பதியரின் மகன். இலக்கிய வாசகர்களுக்கு இந்தக் குடும்பப் பெயர் எங்கோ கேட்டதுபோல இருக்கலாம். அவருடைய தங்கைதான், பதினோரு வயது இளையவர், பேர்ல் எஸ். பக். அந்த 'எஸ்' சைடன்ஸ்ட்ரிக்கரின் எஸ். பின்னாளில் 'நல்ல நிலம்' எழுதி 1938ல் நோபல் பரிசு பெற்றவர். அந்நாவலை வாசித்தவர்களுக்கு அதிலுள்ள பஞ்சத்தின் அத்தியாயங்கள் மறந்திருக்காது. அண்ணன் பசியைக் கணக்கில் எழுதினார், தங்கை கதையில் எழுதினார் என்று சொல்வது கொஞ்சம் நாடகத்தனமாகத்தான் இருக்கும். ஆனால் உண்மையும் அதுதான். (பேர்லின் மகள் கரோலுக்கு இருந்த மூளைவளர்ச்சிக் குறைபாட்டுக்குக் காரணம் உணவிலுள்ள ஓர் அமினோ அமிலத்தை உடல் கையாள முடியாமற் போவது என்பது அவர் வளர்ந்து பெண்ணான பிறகே தெரியவந்தது.)

எட்கர் மருத்துவரல்லர். பள்ளியிலும் பத்திரிகையிலும் வேலை பார்த்து, பின்னர் குடியேறிகளின் கூலியையும் தொழிலாளர் நிலையையும் ஆராயும் அரசுக்குழுக்களில் பணியாற்றிய பொருளாதார வல்லுநர். 1915ல் பொதுச் சுகாதாரத்துறை அவரைப் புள்ளியியலாளராக நியமித்தது; அத்துறையில் அப்பதவி வகித்த முதல் மனிதர் அவரே. கோல்ட்பெர்கர், வீலர், சைடன்ஸ்ட்ரிக்கர் மூவரும் தென் கரோலினாவின் ஏழு பஞ்சாலைக் கிராமங்களைத் தேர்ந்தெடுத்தனர். ஆலை முதலாளியே கட்டிக்கொடுத்த வீடுகள், ஆலை முதலாளியே நடத்தும் கடை. சம்பளம் வருமுன்பே கடையில் பற்று ஏறியிருக்கும்.

ஆய்வின் நடைமுறை இதுதான். இரண்டு வாரத்துக்கொருமுறை ஒவ்வொரு வீட்டுக்கும் சென்று ஒவ்வொரு ஆளின் தோலையும் பார்ப்பது. இருபுறமும் தெளிவான தடிப்பு இருந்தால் மட்டும் நோய் என்று எழுதுவது. ஐயமுள்ளதை எழுதாமல் விடுவது. வசந்தகாலத்தின் பதினைந்து நாள்களுக்கு ஒவ்வொரு குடும்பமும் வாங்கிய ஒவ்வொரு உணவுப்பொருளையும் கடைக்கணக்கிலிருந்தும் வீட்டுப்பெண்ணிடமிருந்தும் பெற்றுப் பதிவது. தோட்டத்தில் காய்த்ததையும், சொந்தப் பசு கறந்ததையும் சேர்ப்பது. குடும்பத்தின் வருமானத்தை எழுதுவது. ஆறுபேர் குடும்பமும் மூன்றுபேர் குடும்பமும் ஒன்றல்ல. கைக்குழந்தையும் உழைக்கும் ஆணும் ஒரே அளவு உண்பதில்லை. ஆகவே வயதையும் பாலையும் கொண்டு ஒவ்வொருவரையும் 'வளர்ந்த ஆண்' என்ற அலகின் பின்னமாக மாற்றி, அந்த அலகுக்கு எவ்வளவு வருமானம் என்று கணக்கிடுவது. இன்று எந்தக் குடும்ப நுகர்வுக் கணக்கெடுப்பிலும் காணப்படும் இம்முறை அப்போது நோயின் ஆய்வில் புதியது. நியூயார்க் மளிகைக்கடையில் வளர்ந்தவருக்குப் பற்றுவரவு நோட்டின் மதிப்பு தெரிந்திருக்கும் என்று எண்ண எனக்கு ஆசைதான்.

முடிவு ஏணிப்படிபோல அமைந்தது. வருமானம் ஒவ்வொரு படியாகக் கூடக்கூட நோய் ஒவ்வொரு படியாகக் குறைந்தது. மிக ஏழைகளிடம் மிக அதிகம், மேல்படியில் அரிது. பாலும் புதிய இறைச்சியும் வாங்கிய வீடுகளில் நோய் இல்லை அல்லது குறைவு. கழிப்பிடத்தின் தரத்துக்கும் நோய்க்கும் தொடர்பு தெரியவில்லை.

இங்கே சற்று நிற்கவேண்டும். தாம்சன்-மெக்ஃபேடன் குழுவும் இதே வட்டாரத்தில் வீடுவீடாகப் போய்த்தான் ஆராய்ந்தது. நோயாளிகள் அக்கம்பக்கமாகக் குவிந்திருப்பதையும், திறந்த கழிப்பிடங்கள் உள்ள இடங்களில் அதிகம் இருப்பதையும் கண்டு, தொற்று என்றது. மரபு மேம்பாட்டியலாளரான சார்லஸ் டேவன்போர்ட் அதே குழுவின் தகவல்களை எடுத்து, நோய் குடும்பம் குடும்பமாக வருவதைக் கண்டு, 1916ல் பரம்பரைக் கூறும் காரணம் என்றார். மூவர் பார்த்ததும் ஒரே ஏழைத் தெருவை. ஏழைத் தெருவில் கழிப்பிடம் மோசமாக இருக்கும், உறவினர்கள் அடுத்தடுத்து வசிப்பார்கள், பால் இருக்காது. இவற்றில் எது காரணம், எது காரணத்தோடு ஒட்டிக்கொண்டு வந்த நிழல் என்று பிரித்தறிவதே இத்தொழிலின் மையமான திறன். எதை அளப்பது என்று முன்கூட்டியே யோசித்துப் போகாதவனுக்கு எத்தனை வீடு ஏறி இறங்கினாலும் அது கிட்டாது.

ஒரே வருமானம் உள்ள இரண்டு கிராமங்களுக்கிடையேயும் வேறுபாடு இருந்தது. நோயே இல்லாத கிராமத்தைச் சுற்றிலும் பலவகைப் பயிரிடும் பண்ணைகள் இருந்தன. விவசாயிகள் காய்கறியும் முட்டையும் கொண்டுவந்து விற்றார்கள். புதிய இறைச்சி ஆண்டு முழுவதும் கிடைத்தது. நோய் மலிந்த கிராமத்தைச் சுற்றி வீட்டு வாசல்வரை பருத்தி மட்டுமே. கையில் காசிருந்தாலும் வாங்கப் பொருளில்லை. ஒரே வீட்டுக்குள்ளும் வேறுபாடு இருந்தது. சம்பாதிக்கும் ஆணுக்கு நோய் குறைவு. பிள்ளைகளுக்கும், பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கும் அதிகம். கிடைக்கும் இறைச்சித்துண்டு யார் தட்டில் விழுகிறது என்பதை நம் வீடுகளில் கடைசியாக உண்ணும் பெண்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை.

ஆக, பெல்லாக்ராவின் காரணத்தை எவ்வளவு தோண்டினாலும் அது சோற்றுத்தட்டிலிருந்து கூலிக்கும், கூலியிலிருந்து நிலத்துக்கும், நிலத்திலிருந்து பருத்தி ஒன்றையே பயிரிடக் கட்டாயப்படுத்தும் கடனுக்கும் போய்க்கொண்டிருந்தது. 1920ல் பருத்தி விலை சரிந்ததும் அடுத்த ஆண்டு நோய் பெருகும் என்று கோல்ட்பெர்கர் கணித்தார். 1921ல் குடியரசுத் தலைவர் ஹார்டிங் தெற்கில் பஞ்சமும் நோயும் சூழ்வதாகக் கவலை தெரிவித்து உதவிக்கு ஏற்பாடு செய்யச் சொன்னபோது, தென்மாநில அரசியல்வாதிகளும் பத்திரிகைகளும் கொதித்தெழுந்தனர். தங்கள் மண்ணில் பஞ்சமில்லை, இது அவதூறு, முதலீட்டாளர்களை விரட்டும் சதி என்றனர். கிருமி என்றிருந்தால் அவர்களுக்கு அவமானமில்லை. கிருமிக்கு முதலாளி கிடையாது. பசி என்றால் யாரோ பொறுப்பாக வேண்டும்.

1927ல் மிஸிஸிப்பி ஆறு கரையுடைத்து வெள்ளம் பெருகியபோது கோல்ட்பெர்கரும் சைடன்ஸ்ட்ரிக்கரும் மீண்டும் அப்பகுதிகளைச் சுற்றினார்கள். குத்தகை முறையையும் ஒற்றைப் பயிரையும் மாற்றாமல் நோய் ஒழியாது என்று அறிக்கை எழுதினார்கள். அதே வேளையில் பியர் வடிக்கும் ஆலைகளில் பயன்படும் ஈஸ்டைச் சிறிதளவு கொடுத்தாலே நோய் தீரும் என்பதை நாய்களிலும் மனிதர்களிலும் செய்த சோதனைகளால் கோல்ட்பெர்கர் கண்டறிந்திருந்தார். செஞ்சிலுவைச் சங்கம் அதை வெள்ளப் பகுதிகளில் விநியோகித்தது. பல உயிர்கள் பிழைத்தன. ஈஸ்ட் மலிவு. அதைக் கொடுக்க நிலச்சீர்திருத்தம் வேண்டியதில்லை, எவரையும் பகைத்துக்கொள்ளவும் வேண்டியதில்லை. தாம் வெறும் ஒரு மருத்துவர், தெற்கின் பொருளாதாரத்தைத் தம்மால் என்ன செய்துவிட முடியும் என்று அவர் சலித்துக்கொண்டதாகச் சொல்வார்கள். அந்தச் சலிப்பைக் கோழைத்தனம் என்று நான் நினைக்கவில்லை. காரணத்தை அறிவதும் அதை மாற்றும் அதிகாரமும் ஒரே கையில் இருப்பதில்லை. இத்தொழிலைத் தேர்ந்தவர்கள் எல்லோரும் ஒருநாள் இந்தச் சுவரில் முட்டிக்கொள்கிறார்கள்.

1929 ஜனவரியில் சிறுநீரகப் புற்றுநோயால் கோல்ட்பெர்கர் இறந்தார். சாம்பல் போட்டோமாக் ஆற்றில் தூவப்பட்டது. அவர் தேடிக்கொண்டிருந்த சத்து நிகோடினிக் அமிலம் என்பதை 1937ல் கான்ராட் எல்வெஹேம் நாய்களின் கருநாக்கு நோயைக் குணப்படுத்திக் காட்டினார். நாற்பதுகளில் மாவிலேயே அதைக் கலக்கத் தொடங்கினார்கள். போர்க்காலத்து வேலைவாய்ப்பும் பணமும் சேர்ந்துகொள்ள, பெல்லாக்ரா தெற்கைவிட்டு நீங்கியது. சைடன்ஸ்ட்ரிக்கர் 1918ன் பெருங்காய்ச்சலின்போது வேட் ஹாம்ப்டன் ஃபிராஸ்டுடன் வீடுவீடாகக் கணக்கெடுத்தார். மேரிலாந்தின் ஹேகர்ஸ்டவுன் நகரில் சாதாரண மக்கள் ஆண்டு முழுவதும் எப்போது, எதனால் நோயுறுகிறார்கள் என்று தொடர்ந்து பதிவு செய்தார். ஜெனிவாவில் சர்வதேச சங்கத்துக்காகவும் பணியாற்றினார். 1936ல் ஐம்பத்து நான்கு வயதில் மறைந்தார். ஃபிராஸ்ட் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் நோய்ப்பரவலியலின் முதல் பேராசிரியரானார். அப்போதிருந்துதான் இதைக் கல்லூரியில் படித்து வாழ்க்கைத் தொழிலாகக் கொள்வது இயன்றது. நம் சென்னையில் தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் 1999ல் தோன்றியது. களப்பயிற்சியோடு கூடிய பட்டப்படிப்பு அங்கு 2001ல் தொடங்கியது.

பெல்லாக்ரா நமக்கும் அந்நியமானதல்ல. சேலத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த சி. கோபாலன், ஐதராபாத்தின் ஊட்டச்சத்து ஆய்வகங்களில் பணியாற்றியபோது, தக்காணத்தின் ஏழை உழவர்களிடம் அதைக் கண்டார். அவர்கள் உண்டது மக்காச்சோளமல்ல, நம்முடைய வெள்ளைச்சோளம். அதில் இச்சத்து அத்தனை குறைவில்லை. பிறகு ஏன்? சோளத்தில் மிகுந்திருக்கும் லூசின் என்ற அமினோ அமிலம் உடலின் சமநிலையைக் குலைக்கிறது என்று 1960ல் கோபாலனும் ஸ்ரீகாந்தியாவும் எழுதினார்கள். அக்கருத்து இன்றும் விவாதத்துக்குரியதே.

1990ல் மலாவியில், மொசாம்பிக்கின் உள்நாட்டுப் போரிலிருந்து தப்பி வந்த அகதிகளின் முகாம்களில், சுமார் 18,000 பேருக்கு பெல்லாக்ரா வந்தது. சத்தின் பெயர் தெரிந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. நிவாரணப் பொருளாக மக்காச்சோளம் தடையின்றி வந்துகொண்டிருந்தது. ஆய்வாளர்கள் குடிசை குடிசையாகச் சென்று கேட்டார்கள். ஆண்களைவிடப் பெண்களே பன்மடங்கு பாதிக்கப்பட்டிருந்தார்கள். சோளத்தோடு மாதாமாதம் வந்துகொண்டிருந்த நிலக்கடலை நின்றுபோயிருந்தது. குடிசையருகே சிறு தோட்டம் போட்டிருந்தவர்களுக்கு நோய் குறைவாக இருந்தது.